சந்திரசேகரனுக்குத் தெரியாதவை

1947 ஆகஸ்ட் 15-ஆம் தேதி செகந்திராபாத்தில் குடியிருந்த ஒரு தமிழ்ப் பையன் எந்த நாட்டுப் பிரஜை? அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை வகுப்பில் எடுக்கும்போது இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். “இந்தியப் பிரஜை” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்காது. பிறகு கரும்பலகையில் இரண்டே வரிகள் எழுதுவேன். வெள்ளைக்காரர்கள் போன பிறகு இந்தியாவோடும் சேரமாட்டேன், பாகிஸ்தானோடும் சேரமாட்டேன் என்று ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1947 ஜூனிலேயே தெரிவித்துவிட்டார். டெல்லியில் மூவண்ணக் கொடி ஏறிய நாளில், ஹைதராபாத் சமஸ்தானத்தில் அதே கொடியை ஏற்ற முயன்றவர்கள் கைதானார்கள். வகுப்பு அமைதியாகிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த சுதந்திர நாள், நாட்டின் ஒரு பெரிய பரப்புக்குப் பொருந்தவே இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

இந்த இரண்டு வரிகளும் தெரியாமல் நாவலைப் படித்தவர்கள் சொல்லும் புகார் எனக்கு நன்றாகத் தெரியும். “ஐயா, இதில் ஒன்றுமே நடக்கவில்லையே!” சந்திரசேகரன் என்று ஒரு பையன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ரயில்வே குடியிருப்பில் வீடு. வீட்டில் மாடு. அவன் கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிளில் சுற்றுகிறான், கல்லூரிக்குப் போகிறான், பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தோடு சின்னச் சின்ன உரசல்கள், கொஞ்சம் சிநேகம். அசோகமித்திரன் குரலை உயர்த்துகிறவர் அல்லர். எது முக்கியம் என்று விரலை நீட்டிச் சுட்டும் பழக்கமும் அவருக்கு இல்லை. 1977-இல் நாவல் வெளிவந்தபோது, அந்தக் காலத்தைச் செய்தித்தாளில் படித்த நினைவுள்ளவர்கள் வாசகர்களாக இருந்தார்கள். ‘ரஜாக்கர்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்தாலே அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இன்றைய பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் வெறும் எழுத்துகள்தான். அது பிள்ளையின் குறை அல்ல. நடுவே இரண்டு தலைமுறைகள் போய்விட்டன. எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்தாலும் இதே நிலைதான். ஜப்பானியர் காலத்து மேடான் நகரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அதற்குள் நுழைகிறவர் முதல் சில பக்கங்களிலேயே வழி தவறிவிடுவார்.

அதனால் தேடச் சொல்கிறேன். முதலில் வரைபடம். இன்றைய இந்தியப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பழைய ஹைதராபாத் சமஸ்தானத்தின் எல்லையை வரைய வேண்டும். கோடு தெலங்கானாவோடு நிற்காது. மேற்கே போய் மராத்வாடா முழுவதையும், அதாவது இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் நாந்தேட், பீட், பர்பணி, உஸ்மானாபாத் எல்லாவற்றையும் வளைத்துக்கொள்ளும். தெற்கே இறங்கி பீதர், குல்பர்கா, ராய்ச்சூரை எடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 82,000 சதுர மைல். இன்றைய தமிழ்நாட்டைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். 1941 கணக்குப்படி ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசுகிற இந்துக்கள் பெரும்பான்மை, அரசர் முஸ்லிம், ஆட்சிமொழி உருது. கோட்டை வரைந்து முடித்ததும் யாராவது ஒருவர் கவனித்துவிடுவார்: “ஐயா, கடலே இல்லை. நாலு பக்கமும் இந்தியாதான்.” இந்த ஒரு பார்வை போதும். நாவலில் எல்லோரும் ஏன் எப்போதும் எதற்கோ காத்திருப்பதுபோல் இருக்கிறார்கள் என்பது விளங்கத் தொடங்கும்.

அடுத்து நாணயம். ஹாலி சிக்கா என்று நிஜாம் அரசுக்குத் தனி ரூபாய் இருந்தது. அதன் படம் எளிதாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் அழகான உருது எழுத்து. மறுபக்கம் சார்மினார், நான்கு கோபுரங்களும் தெளிவாகத் தெரியும்படி. பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் இருக்கும் ராஜாவின் தலை இதில் இல்லை. ஏழு ஹாலி ரூபாய் கொடுத்தால் ஆறு இந்திய ரூபாய் என்பதுபோல் மாற்று விகிதம். தனித் தபால்தலை, தனி ரயில்வே, தனிப் படை. செகந்திராபாத் மட்டும் வேறு மாதிரி. மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரில் உருவான பிரிட்டிஷ் தண்டு அது. ஹுசேன் சாகர் ஏரிக்கு இந்தப் பக்கம் படை முகாம், ரயில்வே, ஆங்கிலம், தமிழர்கள். அந்தப் பக்கம் நிஜாமின் தலைநகர். தண்டோடும் தண்டவாளத்தோடும் பிழைக்க வந்த குடும்பங்களில் ஒன்றுதான் சந்திரசேகரனுடையது. நிஜாமின் ரயில்வேயில் சம்பளம், வீட்டில் தமிழ், தெருவில் உருது, பள்ளியில் ஆங்கிலம். அவன் மண்ணின் மைந்தனும் அல்லன், முழு அந்நியனும் அல்லன்.

கிரிக்கெட்டைப் பற்றித் தேடிய மாணவர் ஒருவர் கொண்டுவந்த தகவல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 1937–38 ரஞ்சிக் கோப்பையை வென்ற அணி ஹைதராபாத்! சேரவே மாட்டேன் என்று முரண்டு பிடித்த சமஸ்தானம், ஆட்டக்களத்தில் எப்போதோ சேர்ந்துவிட்டிருந்தது. சந்திரசேகரன் மட்டையைத் தூக்கிக்கொண்டு முஸ்லிம் பையன்களோடு மைதானத்தில் நிற்கும் பகுதிகளை இதைத் தெரிந்துகொண்டு படிக்கிறவருக்கு, பின்னால் உடையப்போவது என்ன என்பது புரியும்.

இவை தெரிந்த பிறகுதான் அரசியலுக்குள் போக வேண்டும் என்பது என் கருத்து. தலைகீழாகப் போனால் பெயர்களும் தேதிகளும் மட்டுமே மிஞ்சும். 1947 நவம்பர் 29-இல் இந்தியாவுக்கும் நிஜாமுக்கும் இடையே ஓராண்டுக்கு ‘இருப்பது இருந்தபடி’ ஒப்பந்தம். காசிம் ரஸ்வி என்ற லாத்தூர் வழக்கறிஞரின் தலைமையில், நிஜாமை ஆதரிக்கும் ரஜாக்கர் தொண்டர்படை ஊர் ஊராக வளர்கிறது. தெலங்கானாக் கிராமங்களில் கம்யூனிஸ்டுகள் தலைமையில் விவசாயிகள் நிலப்பிரபுக்களை எதிர்த்து 1946-இலிருந்தே ஆயுதம் தூக்கியிருக்கிறார்கள். பிரிவினையில் வீடிழந்த முஸ்லிம் அகதிகள் வெளி மாகாணங்களிலிருந்து நிஜாமின் நிழலைத் தேடி வந்துகொண்டிருக்கிறார்கள். இந்திய அரசு பொருள்களை உள்ளே விடாமல் நெருக்குகிறது. சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி பாகிஸ்தானிலிருந்து இரவில் ஆயுதங்களைக் கொண்டுவந்து இறக்குகிறார். 1948 ஆகஸ்டில் பைரான்பள்ளி என்ற கிராமத்தில் ரஜாக்கர்கள் பலரைச் சுட்டுக் கொல்கிறார்கள். அதே மாதம், இந்தியாவோடு இணைவதே நல்லது என்று எழுதிய ‘இம்ரோஸ்’ உருது நாளிதழின் ஆசிரியர் ஷோயபுல்லா கான் கொல்லப்படுகிறார். இந்தப் பெயரில் மாணவர்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பேன். இந்து–முஸ்லிம் என்று இரண்டே கட்டங்களில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்று நினைத்து வந்தவர்களுக்கு, ரஜாக்கர்களை எதிர்த்து எழுதி உயிரைவிட்ட ஒரு முஸ்லிம் பத்திரிகையாளர் இருந்தார் என்பது தெரிய வேண்டும். செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை நாலா பக்கமும் எல்லையைத் தாண்டியது. 17-ஆம் தேதி நிஜாம் வானொலியில் பேசிப் பணிந்தார். ராணுவம் செய்த இந்த வேலைக்குப் ‘போலீஸ் நடவடிக்கை’ என்று பெயர்.

இதையெல்லாம் நேரில் நின்று நடத்தியவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். சமஸ்தானங்களை இணைத்த வி.பி. மேனன் 1956-இல் எழுதினார். ஹைதராபாத்தில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த கே.எம். முன்ஷி 1957-இல் எழுதினார். நிஜாமின் கடைசிப் பிரதம மந்திரி மீர் லாயக் அலி, காவலிலிருந்து தப்பிப் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்து 1962-இல் எழுதினார். ஆயுதப் போராட்டத்தை நடத்திய பி. சுந்தரய்யா 1972-இல் எழுதினார். ஒரே நாள்கள், நான்கு நூல்கள். ஒன்றில் மீட்பு, இன்னொன்றில் ஆக்கிரமிப்பு, மற்றொன்றில், வென்றுகொண்டிருந்த விவசாயிகளை நசுக்க வந்த படையெடுப்பு. வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, செப்டம்பர் 17-ஐ ஒவ்வொரு நூலும் எப்படிச் சொல்கிறது என்று பேசவைத்தால் மாணவர்கள் கிட்டத்தட்டச் சண்டைக்கே போய்விடுவார்கள். இதில் வியப்பில்லை. இன்றைக்கும் அந்த நாளை மத்திய அரசு விடுதலை நாள் என்கிறது. தெலங்கானாவின் மாநில அரசுகள் வேறு பெயர்களில் கொண்டாடியிருக்கின்றன. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வழக்கு தீரவில்லை.

நால்வரும் நல்ல அறிவாளிகள், தங்கள் தரப்பில் உறுதியானவர்கள். ஆனால் நால்வருமே தாங்கள் செய்தது சரிதான் என்று காட்ட வேண்டியவர்கள். சந்திரசேகரனுக்கு அந்தத் தேவை இல்லை. அவன் எதையும் நடத்தவில்லை.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. தேடித் தேடிச் சேர்த்த பிறகு மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் மனம் கனத்துவிடும். மூன்று பக்கத்துக்குப் போலீஸ் நடவடிக்கை. கடைசியில் “இவ்வரலாற்றை நாவல் அழகாகச் சித்திரிக்கிறது” என்று ஒரே ஒரு வரி. நாவல், வரலாற்றுப் பாடத்துக்குப் போட்ட படமாகச் சுருங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரோடு நடக்கும் தண்ணீர்ச் சச்சரவு ‘சமுதாய முரணின் குறியீடு’ ஆகிவிட்டது. ஒன்றும் தெரியாமல் படித்தபோதாவது அந்தப் பையனோடு கொஞ்ச தூரம் நடந்தார்கள். எல்லாம் தெரிந்த பிறகு அவனுக்கு மேலே ஏறி நின்றுகொண்டு கீழே பார்க்கிறார்கள்.

அதனால் இரண்டாவது வேலை ஒன்று கொடுக்கத் தொடங்கினேன். முதல் வேலையைவிட இதுவே கடினம். நாவலின் ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று காலையில் சந்திரசேகரனுக்கு என்ன தெரிந்திருக்க முடியும் என்று மட்டும் எழுத வேண்டும். செய்தித்தாளில் வந்தது, வானொலியில் கேட்டது, அப்பா ரயில்வே அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த வதந்தி, தெருவில் பார்த்தது. அவ்வளவுதான். சிட்னி காட்டனின் விமானங்களைப் பற்றி எழுதியிருந்தால் அடித்துவிடுவேன். செப்டம்பர் 13-ஆம் தேதி படை வரும் என்று எழுதியிருந்தால் அதையும் அடித்துவிடுவேன். டெல்லியில் நேருவும் பட்டேலும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ரயில்வே குடியிருப்புக்கு வந்து சேராது. தாளில் மிஞ்சுவது கொஞ்சம்தான். கடையில் பொருள் இல்லை. கூட ஆடிய ஒருவன் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கல்லூரிக்குப் போகாதே என்கிறார்கள் சிலர், போ என்கிறார்கள் சிலர். ராத்திரி தெருவில் யாரோ கோஷம் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

இந்த வேலையைச் செய்து முடித்த வகுப்பில் “ஒன்றுமே நடக்கவில்லை” என்ற புகார் பிறகு வருவதில்லை. நடப்பது என்னவென்று தெரியாமல், அது நடந்துகொண்டிருக்கும்போதே அதற்குள் வாழ்வது எப்படி இருக்கும் என்பதைத்தான் அசோகமித்திரன் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார் என்று அவர்களே கண்டுகொள்கிறார்கள். வரலாற்று நூல் எழுதுகிறவர், முடிவு தெரிந்த இடத்திலிருந்து எழுதுகிறார். அவருக்கு வேறு வழி இல்லை. நாவலாசிரியருக்கும் முடிவு தெரியும். ஆனால் தெரிந்ததைத் தன் பாத்திரத்தின் கையில் கொடுக்காமல் இருக்கிறார். பின்னணியைத் தேடுகிற உழைப்பு வீணில்லை. அந்த உழைப்பு இல்லாவிட்டால் சந்திரசேகரனுக்கு என்ன தெரியவில்லை என்பதே நமக்குத் தெரியாது.

நாவல் ஓரிடத்தில் ‘அவன்’ என்றும் வேறோரிடத்தில் ‘நான்’ என்றும் மாறி மாறிச் சொல்லப்படுவதையும் இந்தக் கட்டத்தில்தான் மாணவர்களுக்குக் காட்டுவேன். அசோகமித்திரன் 1931 செப்டம்பர் 22-ஆம் தேதி செகந்திராபாத்தில் பிறந்தவர். நிஜாம் பணிந்து ஐந்து நாள் கழித்து அவருக்குப் பதினேழு வயது நிறைகிறது. பையனாக அங்கே இருந்தவர், நாற்பது வயதுக்கு மேல் சென்னையில் உட்கார்ந்து எழுதும்போது, அந்தப் பையனைச் சில சமயம் தானாகவும் சில சமயம் யாரோ ஒருவனாகவும் பார்க்கிறார். எவ்வளவு தேடினாலும் தன்னுடைய பழைய அறியாமைக்குள் முழுதாகத் திரும்பிப் போய்விட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி நாவலின் கடைசிப் பகுதி. போலீஸ் நடவடிக்கை முடிந்துவிட்டது. வென்ற பக்கத்தின் கும்பல்கள் தெருவில் இறங்கியிருக்கின்றன. கலவர இரவில் ஓடிவரும் சந்திரசேகரன் ஒரு சுவரேறிக் குதித்து யாருடைய வீட்டுக்குள்ளோ விழுகிறான். உள்ளே ஒரு முஸ்லிம் குடும்பம் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அவனைப் பார்த்ததும், மற்றவர்களை விட்டுவிடும்படி கெஞ்சி, ஒரு இளம்பெண் தன்னையே அவனுக்கு ஈடாக வைக்கிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான். இதைப் படித்து முடித்த எந்த வகுப்பும் உடனே பேசியதில்லை.

இந்தப் பகுதிக்குப் பின்னணி தேடினால் சுந்தர்லால் குழுவிடம்தான் போய்ச் சேர வேண்டும். போலீஸ் நடவடிக்கைக்குப் பிறகு சமஸ்தானத்தில் முஸ்லிம்களுக்கு நடந்ததை விசாரிக்க நேரு அனுப்பிய குழு அது. பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கஃபார், மௌலானா அப்துல்லா மிஸ்ரி ஆகிய மூவரும் 1948-இன் கடைசி மாதங்களில் மாவட்டம் மாவட்டமாகப் போனார்கள். 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. அண்டை வீட்டு இந்துக்கள் முஸ்லிம் குடும்பங்களைக் காப்பாற்றிய நிகழ்வுகளையும் அவர்கள் எழுதினார்கள். அரசு அந்த அறிக்கையை வெளியிடவில்லை. சில ஆய்வாளர்களின் கைக்கு எட்டியதைத் தவிர அது பல பத்தாண்டுகள் அரசுக் கோப்பிலேயே கிடந்தது. பொதுவாசகர்கள் அதன் முழு வடிவத்தைப் பார்க்க 2013 வரை ஆயிற்று.

ஒரு மாணவி கேட்டாள்: “உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட், இந்த நான்கு மாவட்டங்களில்தான் கொடுமை மிக அதிகம் என்று அறிக்கை சொல்கிறது. தலைநகரத்தில் அவ்வளவு இல்லையே. அப்படியானால் நாவல் மிகைப்படுத்துகிறதா?” வகுப்பறையில் நான் கேட்ட மிக நல்ல கேள்விகளுள் இது ஒன்று. பின்னணியை உண்மையாகத் தேடியவரால் மட்டுமே இப்படிக் கேட்க முடியும். நான் பதில் சொல்லவில்லை. முன் பெஞ்சிலிருந்த இன்னொருவர் சொன்னார்: “நாவலில் வருவதும் ஒரே ஒரு வீடுதானே?”

அந்தப் பதிலைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நாற்பதாயிரம் என்ற எண்ணின் முன்னால் நமக்கு அதிர்ச்சி உண்டாகலாம், கோபம் வரலாம், எந்தத் தரப்பின் கணக்கு அதிகம் என்று வாதாடவும் தோன்றும். ஆனால் அந்த எண்ணின் முன்னால் நாம் எப்போதும் பார்வையாளர்களே. அந்த வீட்டில் அப்படி நிற்க முடியாது. சந்திரசேகரன் யாரையும் அடிக்கவில்லை, யாருடைய வீட்டையும் கொளுத்தவில்லை, எந்தக் கட்சியிலும் முழுதாகச் சேரவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அவன்தான் கும்பல். பையன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அங்கே செல்லாது. அவள் அவனைப் பார்த்து அஞ்சுகிற அச்சம் ஒன்றுதான் அந்த வீட்டில் உண்மை. அதுவரை பயந்துகொண்டே வாழ்ந்தவன், ஒரு சுவரைத் தாண்டிய நொடியில் பிறரைப் பயமுறுத்துகிறவன் ஆகிவிட்டான். மேனனும் முன்ஷியும் லாயக் அலியும் சுந்தரய்யாவும் தத்தம் தரப்பைத் தாங்களே தேர்ந்தவர்கள். ஊரில் பெரும்பாலோர் சந்திரசேகரனைப் போன்றவர்கள். அவர்களைக் கேட்காமலேயே காலம் அவர்களை ஒரு தரப்பில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

நாவலைப் புரிந்துகொள்ளத்தான் வரலாற்றைத் தேடப் போனோம். போய்ப் பார்த்தால், எழுபதுகளில் பொதுவாசகருக்கு எட்டாமல் அரசின் அறிக்கை பூட்டிக் கிடந்தபோது, அதில் இருந்த அச்சத்தைத் தமிழில் ஒரு நாவல் வெளிப்படையாக எழுதி, புத்தகக் கடையில் விலைக்கும் கிடைத்திருக்கிறது. வென்ற தரப்பில் பிறந்த ஒருவர் எழுதிய நாவல் அது. தன் பக்கத்தைச் சேர்ந்தவர்களின் வெற்றி இரவை இவ்வளவு வெட்கத்தோடு பதிவு செய்த எழுத்து எந்த மொழிக்கும் பெருமைதான்.

அசோகமித்திரன் 2017 மார்ச்சில் காலமானார். அவர் வயதுக்காரர்களில் சிலரேனும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1948-இல் செகந்திராபாத்தின் லாலாகுடாவிலோ லான்சர் பாரக்ஸிலோ குழந்தையாக இருந்த தமிழர்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. உங்கள் குடும்பத்தில், உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள்: நிஜாம் பணிந்த வாரம் வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் வந்து கதவைத் தட்டினார்கள், பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் பிறகு எங்கே போயிற்று? அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முடிந்தால் எழுதி ஒரு கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். அடுத்த வகுப்பில் இந்த நாவலைத் திறக்கிற பிள்ளைகளுக்கு அது வேண்டும்.